ஆறிடுச்சா?

போன மாதம் ஏற்காட்டில் ஏரிக்கரை ரோட்டில் ஒரு போஸ்டர் பார்த்தேன். ஏதோ ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் ஓவிய முகாமாம். அன்பானவரை இழந்தவர்கள் வரலாம், வலியை வண்ணத்தில் கரைத்துவிட்டுப் போகலாம் என்று அழைப்பு. படத்தில் காபித் தோட்டத்துக்கு நடுவே ஒரு பெண், கேன்வாஸுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு புன்னகைக்கிறாள். (கண்ணை மூடிக்கொண்டு எப்படி வரைவது என்று கேட்காதீர்கள். போஸ்டர்களில் எல்லோரும் அப்படித்தான் வரைகிறார்கள்.)

ரிசார்ட்காரர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை. அவர் அறையை விற்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவனுக்குப் படகு சவாரி, பகோடா பாயிண்ட், மிளகாய் பஜ்ஜி தாண்டி இன்னும் ஏதாவது கொடுக்க வேண்டும். என் சண்டை அந்தப் போஸ்டரை நம்புகிற நம்மோடு. கலை காயத்தை ஆற்றும் என்ற வாக்கியத்தை நாம் யாரும் இரண்டாவது முறை யோசிப்பதே இல்லை. "தினமும் காலையில் வெந்நீர் குடித்தால் நல்லது" என்பது மாதிரி அது பாட்டுக்கு வாயில் வருகிறது. அது தப்பு என்பது மட்டும் இல்லை, துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நாம் செய்கிற கொடுமை என்றுகூடச் சொல்வேன்.

பத்திரிகைகளில் வரும் சூத்திரம் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். முதல் பத்தியில் சாவு. இரண்டாவது பத்தியில் இருட்டறை. மூன்றாவதில் யாரோ ஒரு தோழி கையில் கொடுத்த தூரிகை. கடைசிப் பத்தியில் கண்காட்சி, குத்துவிளக்கு, தன்னம்பிக்கை. நடுவில் ஓவியம் என்ற ஒன்று இருக்க வேண்டுமே, அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. எந்த நிறம், எவ்வளவு பெரியது, கோடு எப்படிப் போகிறது, அதில் என்னதான் இருக்கிறது, ஒன்றும் கிடையாது. நோயாளி தேறிவிட்டார் என்பதற்கான மருத்துவச் சான்றிதழ் மாதிரி படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதை ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்றால், எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள். இரண்டு வருஷம் முன்னால் ஒரு விபத்தில் தம்பி போய்விட்டான். அவள் நன்றாக வரைவாள். துறை விழா பேனர் முதல் ரெக்கார்டு நோட்டுப் படங்கள் வரை எல்லாம் அவள் கைதான். அதனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்ததும் ஆளாளுக்கு "வரைம்மா, மனசு லேசாயிடும்" என்று ஆரம்பித்தார்கள். அவளும் வரைந்தாள். என்ன வரைந்தாள் தெரியுமா? வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகள். அப்பா செருப்பு, அம்மா செருப்பு, அவளுடையது, அவனுடையது. பென்சில்தான், வண்ணம்கூட இல்லை. அவன் செருப்பில் கட்டைவிரல் பதிந்த பள்ளம் வரைக்கும் இருந்தது. கல்லூரியில் அதை வாங்கி ஒரு கண்காட்சியில் மாட்டி, கீழே தன்னம்பிக்கை வாசகம் ஒன்றும் ஒட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம் படத்தை அரை நிமிஷம் பார்த்தார்கள், அவளை ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். "இப்ப பரவாயில்லையா? ஆறிடுச்சா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் பென்சிலைத் தொடவில்லை.

அவள் சொன்னது இது. "அழுதா அழாதேங்கறாங்க. வரைஞ்சா ஆறிடுச்சாங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதான், சீக்கிரம் முடிச்சுக்கோன்னு அர்த்தம்."

இதற்கு மேல் நான் என்ன எழுதினாலும் அந்த ஒரு பேச்சுக்கு உரைதான். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் இப்படிப்பட்ட படங்களை வரைந்தவர்களின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், போஸ்டர் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறது.

ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்று ஓர் ஓவியர். 1914ல் உலகப் போர் தொடங்கியதும் அவருடைய சின்ன மகன் பீட்டர் தானாகப் போய்ப் பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டான். பதினெட்டு வயது. பெற்றோர் சம்மதம் வேண்டும். அப்பா கார்ல், டாக்டர், முடியாது என்றார். அம்மாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். அக்டோபரில் பெல்ஜியத்தில் பையன் செத்துப் போனான். போய்ச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

அந்த வருஷக் கடைசியிலேயே மகனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்ய ஆரம்பித்தார். போஸ்டர் கணக்குப்படி ஒரு வாரக் கடைசி போதும், இல்லையா? அவருக்குப் பதினெட்டு வருஷம் ஆனது. மகன் உயிரோடு இருந்த அதே பதினெட்டு வருஷம். முதலில் மகனையே சிலையாக வைக்கப் பார்த்தார், சரிவரவில்லை. 1919ல் விட்டுவிட்டார். சில வருஷம் கழித்து மறுபடி எடுத்தார். கடைசியில் மகன் சிலையில் இல்லவே இல்லை. மண்டியிட்ட ஒரு தகப்பன், மண்டியிட்டுக் குனிந்த ஒரு தாய், கருங்கல்லில் தனித்தனியாக இரண்டு உருவங்கள். இருவருக்கும் நடுவில் இடைவெளி. முகங்கள் கார்லுடையதும் கேத்தேயுடையதும். 1932ல் மகன் புதைக்கப்பட்ட பெல்ஜிய மயானத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு கல்லறைகளை விளாட்ஸ்லோ என்ற இடத்துக்கு மாற்றியபோது சிலைகளும் கூடவே போயின.

அந்தச் சிலையைப் படத்தில் பார்த்தாலே தெரியும், ஆறிப்போன ஒருவர் செய்தது இல்லை அது. தகப்பன் தன்னைத் தானே கட்டிப் பிடித்துக்கொண்டு விறைத்திருக்கிறார். தாய் தரையைப் பார்க்கிறார். சமாதானம் என்று எதுவும் அதில் இல்லை. "நாங்கள்தான் அனுப்பினோம்" என்பது மட்டும் கல்லாக இருக்கிறது. அதற்கு அப்புறம் அந்த அம்மாவுக்கு நடந்ததையும் கேளுங்கள். 1933ல் நாஜிகள் வந்ததும் கலை அகாடமியை விட்டு வெளியேற்றப்பட்டார். 1940ல் கணவர் போனார். 1942ல் பேரன் ரஷ்யப் போர்முனையில் செத்தான். அவன் பெயரும் பீட்டர். அந்தச் சமயத்தில் அவர் செய்த கடைசி லித்தோகிராஃபில் ஒரு கிழவி தன் கைகளுக்குள் பையன்களை அமுக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், எவனையும் போருக்கு அனுப்ப முடியாது என்கிற மாதிரி. 1914ல் மகனுக்குச் சம்மதம் வாங்கிக் கொடுத்த அதே பெண் வரைந்தது. காயம் ஆறியிருந்தால் இந்தப் படம் வந்திருக்காது. ஆறாமல் வைத்துக்கொண்டதால் வந்தது.

"அதெல்லாம் வெள்ளைக்காரங்க விஷயம், நமக்கு வேற" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சரி, சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வடக்கே போவோம். 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிப் பக்கமும், அதைத் தாண்டிச் செங்கம் பக்கமும் நிலத்தில் ஊன்றி நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். மாடு பிடிக்கப் போனவன், மாட்டை மீட்கப் போனவன், புலியோடு மோதினவன் என்று செத்தவனைக் கல்லில் செதுக்கி, பெயரும் சம்பவமும் எழுதி நட்டார்கள். எடுத்தனூரில் எஜமானோடு நின்று சண்டை போட்ட கோவிவன் என்ற நாய்க்கும் அதே கல்லில் உருவமும் பெயரும் உண்டு. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. (நம் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?)

நடுகல்லுக்கு ஒரு முறையே இருந்தது, தொல்காப்பியம் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் கண்டுபிடித்து, எடுத்து வந்து, நீராட்டி, நட்டு, படையல் போட்டு, வாழ்த்த வேண்டும். இதில் எங்கேயாவது "வீட்டார் மனசு லேசாக வேண்டும்" என்று ஒரு படி இருக்கிறதா? இல்லை. கல்லை நடுவது மறப்பதற்கு இல்லை. ஊருக்குப் போகிற வழியில் நட்டு, போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க வேண்டும், வருஷா வருஷம் படையல் போட வேண்டும் என்று வைத்தார்கள். துக்கத்தைக் கரைக்கிற ஏற்பாடு இல்லை அது. இறுக்கி ஊன்றி வைக்கிற ஏற்பாடு. கோல்விட்ஸ் பதினெட்டு வருஷம் செய்ததும் ஒரு நடுகல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் தோழி பென்சிலில் வரைந்த செருப்பும் அதே ஜாதி. அதன் முன்னால் போய் நின்று "ஆறிடுச்சா" என்று கேட்பது, நடுகல்லைப் பார்த்து "எப்ப எடுப்பீங்க" என்று கேட்பது மாதிரி.

இப்போது எதிர்க்கட்சிக்காரர்களின் நல்ல வாதத்துக்கு வருகிறேன். "ஆர்ட் தெரபி என்று ஒரு துறையே இருக்கிறதே, படித்துவிட்டு வந்து செய்கிறார்களே, அதெல்லாம் பொய்யா?" பொய் இல்லை. அந்தப் பெயரை வைத்தவர் கதையே என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

ஏட்ரியன் ஹில் என்று ஓர் ஆங்கிலேய ஓவியர். முதல் உலகப் போரில் போர்முனையை வரைந்தவர். பிறகு காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்தார். படுக்கையில் கிடந்தபடியே வரைய ஆரம்பித்தார். அங்கே இருந்த மற்ற நோயாளிகளுக்கும், போரில் அடிபட்டு வந்தவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். 1942ல் அவர்தான் 'ஆர்ட் தெரபி' என்ற பெயரைக் கொடுத்தார் என்பார்கள். 1945ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். கவனியுங்கள், ஓவியம் வரைந்தால் நுரையீரலில் இருக்கிற கிருமி சாகும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதற்கு டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், கட்டில் இருந்தது, சோறு இருந்தது, சில வருஷத்தில் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்தது. மாதக்கணக்கில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவனுக்கு அந்த நேரத்தை மனுஷனாகக் கழிக்க ஒரு வழி. ஓவியம் அங்கே செய்த வேலை அது. பெரிய வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் சுற்றிலும் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. நம் ஊர்ப் போஸ்டர் ஆஸ்பத்திரியைத் தூக்கிவிட்டு கலர் பெட்டியை மட்டும் விற்கிறது.

அப்படி விற்பதில் என்ன ஆபத்து என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம், சென்னைக்குப் போனால் போதும். கே. ராமானுஜம். 1941ல் பிறந்தவர். பேச்சு சரியாக வராது, மனநோய் இருந்தது, பள்ளிப் படிப்பு ஏறவில்லை. மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கர் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார். 1966ல் பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ராமானுஜமும் இருந்தார். அவருடைய கோட்டோவியங்களை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். பேனா மையில் மயிரிழைக் கோடுகளால் கட்டிய மாடமாளிகைகள், யானைகள், பாம்புகள், பறக்கிற பெண்கள், நடுவில் தொப்பி போட்ட ஒரு ஆள். அந்த ஆள் ராமானுஜம்தான். நிஜத்தில் யாரும் கூடச் சேர்த்துக்கொள்ளாத மனிதர் படத்துக்குள் ராஜா மாதிரி ஊர்வலம் போகிறார். சென்னை கன்னிமாரா ஓட்டலுக்குப் பெரிய ஓவியங்கள் வரைந்தார்.

கலை ஆற்றும் என்பது நிஜமாக இருந்திருந்தால் தமிழ்நாட்டில் முதலில் ஆறியிருக்க வேண்டியவர் அவர். இரவு பகலாக வரைந்தவர். மனசில் இருப்பது அத்தனையும் தாளில் வந்துவிட்டது, 'வெளிப்பாடு' என்பதில் ஒரு குறையும் இல்லை. 1973ல் அதே சோழமண்டலத்தில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார்.

இதைச் சொன்னதும் சிலர் வேறு பக்கம் தாவுவார்கள். "ஆமா, மேதைன்னா அப்படித்தான், பைத்தியமும் கலையும் பக்கத்துப் பக்கத்து வீடு" என்பார்கள். அது இன்னும் மோசம். முதல் கூட்டம் தூரிகையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும், இரண்டாவது கூட்டம் சாவைக் கைதட்டி ரசிக்கும். இரண்டு கூட்டத்துக்கும் அந்த மனிதருக்கு மருந்தும் துணையும் வேண்டியிருந்தது என்பது கண்ணில் படவே படாது. ராமானுஜத்தின் ஓவியங்கள் அற்புதம். அவை அவரைக் காப்பாற்றவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளத் தைரியம் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறவர்களோடுதான் என் சண்டை.

நம் மாநிலத்தில் 'ஆறும்' என்ற வார்த்தைக்கு இன்னொரு சரித்திரமும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களும் இங்கே இருந்தால் குணமாகிவிடும் என்று நம்பித்தான் விட்டிருப்பார்கள். பக்கத்தில் ஒழுங்கான வைத்தியம் இல்லாத ஜனங்களுக்கு நம்பிக்கையைத் தவிர வேறு என்ன இருந்தது? ஏர்வாடிக்கும் ஏற்காட்டுக்கும் பேரில் ஓரெழுத்துதான் வித்தியாசம் மாதிரி காதில் விழும், போஸ்டர் பார்த்த அன்றைக்கு எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்றில் கொட்டகை, இன்னொன்றில் ரிசார்ட். ரிசார்ட்டில் யாரையும் கட்டி வைப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வைத்தியம் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்றை உட்கார வைப்பது இரண்டுக்கும் பொது. ஏற்காட்டில் இருக்கிற மலைக் கிராமத்துக்காரருக்கும் எஸ்டேட் தொழிலாளிக்கும் உடம்புக்கோ மனசுக்கோ பெரிதாக ஏதாவது வந்தால் என்ன செய்கிறார்கள்? பஸ் பிடித்துச் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறார்கள். மனசு ஆற வேண்டிய பணக்காரர்கள் மேலே ஏறுகிறார்கள், உடம்பு ஆற வேண்டிய ஏழைகள் கீழே இறங்குகிறார்கள். அதே ரோடுதான்.

கொஞ்சம் வங்காளம் பக்கமும் போய் வருவோம். தாகூர் அறுபது வயதைத் தாண்டித்தான் ஓவியத்தில் இறங்கினார். அதற்குள் அவர் வீட்டில் விழுந்த சாவுகளை எண்ணிப் பாருங்கள். 1902ல் மனைவி, 1903ல் ஒரு மகள், 1905ல் அப்பா, 1907ல் சின்ன மகன், 1918ல் மூத்த மகள். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்து உருவமாக்கியதில் ஆரம்பித்து, இரண்டாயிரத்துக்கும் மேலே வரைந்து தள்ளினார். 1930ல் பாரிஸில் கண்காட்சியே வைத்தார்கள். இவரை விட்டால் நம் போஸ்டருக்குப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? ஆனால் படங்களைப் பாருங்கள். கருத்துப் போன முகங்கள், பேரே இல்லாத மிருகங்கள், இறுகிய உதடுகள். ஆயுள் முழுக்க வார்த்தைகளையே கொட்டிய மனிதர், பெரும்பாலான படங்களுக்குத் தலைப்புகூட வைக்கவில்லை. இது என் மகளுக்காக, இது என் மனைவிக்காக என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் நமக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! செய்யவில்லை. அதைவிடத் தெளிவாக ஒருவர் "கேட்காதே" என்று சொல்ல முடியுமா?

அவர் தொடங்கிய சாந்திநிகேதனிலேயே பினோத் பிஹாரி முகர்ஜி. சின்ன வயதிலிருந்தே ஒரு கண் தெரியாது, மற்றதிலும் பார்வை கம்மி. 1956ல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதுவும் போனது. ஓவியருக்குக் கண் போவதைவிட வேறு என்ன இழப்பு வேண்டும்? அதற்குப் பிறகு அவர் காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார், கலாபவனத்தில் சுவர் நீளத்துக்கு ஓட்டுச் சித்திரம் செய்தார், பாடம் நடத்தினார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972ல் அவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள், இருபது நிமிஷம்தான். அவர் கை காகிதத்தைத் தடவிப் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். ஆறுதல் தேடுகிற கை இல்லை அது. அடுத்து எங்கே வெட்டுவது என்று கணக்குப் போடுகிற கை. வேலைக்காரனின் கை.

எனக்கு இதில் மிச்சம் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது யாழ்ப்பாணத்துக் கதை. தா. சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு சொல்லித் தருகிறவர், ஓவியர். போரில் வீட்டை விட்டு ஓடியவர்களிடம், தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும், ஒரு விஷயம்தான் கேட்டார். விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுங்கள். ஓவியர்கள் இல்லை அவர்கள், சாதாரண ஜனங்கள். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று பேனாவால் கோணல்மாணலாக வரைந்து கொடுத்தார்கள். அந்தக் கோணல் படத்தைக் கட்டடக் கலைஞர் முறைப்படி வரைபடமாக்கினார். அதன் பக்கத்தில் சனாதனன் தன் ஓவியத்தை வைத்தார். 2011ல் புத்தகமாக வந்தது. அதற்கு 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். தோம்பு என்றால் டச்சுக்காரன் காலத்து நிலப் பதிவேடு. யாருக்கு எந்த நிலம் சொந்தம் என்று எழுதி வைத்த ஏடு.

பெயரைப் பாருங்கள். அவர் அதை ஆறுதல் புத்தகம் என்று சொல்லவில்லை, பதிவேடு என்கிறார். அதுவும் முடியாத பதிவேடு. அதில் படம் வரைந்த ஒருவர் 1990ல் வலிகாமத்திலிருந்து ராணுவத்துக்காக வெளியேறியவராக இருக்கலாம், அதே வருஷம் புலிகள் வெளியேற்றிய வடக்கு முஸ்லிமாக இருக்கலாம். அவரிடம் போய் "வரைஞ்சதும் மனசு லேசாச்சா?" என்று கேட்டால் என்ன அர்த்தம்? லேசானால் யாருக்கு லாபம்? அவர் நிலத்தில் முள்கம்பி போட்டு உட்கார்ந்திருப்பவனுக்குத்தான். இழந்தவர்கள் ஆறிவிட்டால், பறித்தவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2009ல் போர் முடிந்ததும் நல்லிணக்கம், மறதி, முன்னே பார்ப்போம் என்று யாரெல்லாம் உரக்கப் பேசினார்கள் என்று யோசித்தால், 'ஆறுதல்' எவ்வளவு அரசியல் வார்த்தை என்று புரியும். அந்தக் கோணல் கோடுகள் ஆற மறுக்கின்றன. கிணறு இங்கே இருந்தது என்கின்றன. அவ்வளவுதான், ஆனால் அது ஒரு வழக்கு.

"அப்படின்னா வரையும்போது மனசுக்கு ஒரு நிம்மதி வருதே, அது என்ன?" என்று நியாயமாகவே கேட்கலாம். வரும்தான். இட்லிக்கு மாவு ஆட்டினாலும் வரும், கிணற்றில் நீச்சல் அடித்தாலும் வரும். கை ஒரு காரியத்தில் முழுசாக இறங்கினால் தலை கொஞ்சம் சும்மா இருக்கும். ஓவியத்தில் கூடவே இன்னொன்றும் உண்டு, வரைவதற்கு ஒன்றை நீண்ட நேரம் பார்க்க வேண்டும். துக்கத்தில் இருக்கிறவனைச் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் "அந்தப் பக்கம் பார்க்காதே" என்கிறபோது, பென்சில் மட்டும் "நல்லா உத்துப் பாரு, பள்ளம் எவ்வளவு ஆழம்" என்கிறது. அது கொடுப்பது ஆறுதலா? பார்க்க உட்கார ஓர் இடம், அவ்வளவுதான் சொல்வேன். அந்த இடத்துக்குப் போனவர் தேறி வரலாம், தேறாமலும் வரலாம். படம் நல்ல படமா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் நண்பர்களே, யாராவது இழப்புக்குப் பிறகு வரைந்ததைக் காட்டினால் தயவுசெய்து படத்தைப் பாருங்கள். ஆளை அப்புறம் பார்க்கலாம். கோடு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள், அந்த மூலை சரியில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அவருக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதற்கு கலர் பெட்டி வாங்கித் தராதீர்கள், கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். போகிற வழியில் பெட்டியும் வாங்கலாம், ஆட்சேபணை இல்லை. பள்ளிக்கூடங்களில் கணக்கு வாத்தியார் கடன் வாங்கித் திருப்பித் தராத ட்ராயிங் பீரியடைத் திருப்பி வாங்குங்கள், ரிசார்ட் முகாமைவிட ஆயிரம் மடங்கு உபயோகம். துக்கம் வருவதற்கு முன்னாலேயே கைக்குக் கோடு தெரிந்திருக்க வேண்டும், வந்த பிறகு இரண்டு நாளில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

என் தோழி இந்த செமஸ்டரிலிருந்து மறுபடி வரைகிறாள். என்ன வரைகிறாய் என்று கேட்டேன், காட்டினாள். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். முட்டை அடுக்கின அட்டையோடு ஒரு ஆள், காய்ச்சல்கார குழந்தையோடு ஒரு பெண். இடது ஓரத்தில் நிற்கிற ஆளின் கை கொஞ்சம் நீளமாகிவிட்டது என்றேன். "தெரியும், அழிக்கணும்" என்றாள்.